டோக்கன் நாற்பத்தொன்று

பத்மநாபபுரம் கொட்டாரத்துக்குத் திங்கள்கிழமை லீவு.
மற்ற ஆறு நாளும்
ராஜா வீட்டுக்குள் போகிறவர்களின் காலை
முதலில் பார்ப்பவள் நான்.
செருப்பை வாங்கி, தகர எண்ணைக் கொடுத்து,
வெறுங்காலாய் அனுப்பிவைப்பது என் உத்தியோகம்.
சம்பளச் சீட்டு மலையாளத்தில் வரும்.
ரேஷன் கார்டு தமிழில்.
மண் ஒரு சர்க்கார், மேலே நிற்கிற மரம் ஒரு சர்க்கார்;
சண்டையில்லாமல்தான் ஓடுகிறது.

போன ஞாயிறு ஒரு ஜோடி.
மருதாணி இன்னும் சிவப்பு,
மெட்டி பழகாத நடை.
'ரெண்டு பேருக்கும் ஒரு டோக்கன் போரும் அக்கா'
என்றான் அவன்.
அவள் தன் செருப்பை அவன் ஷூவின்மேல் வைத்தாள்,
முட்டைமேல் முட்டை வைப்பதுபோல.
நாற்பத்தொன்றைக் கொடுத்தேன்.

பூமுகத்தில் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.
கூரையில் தொண்ணூறு மரப்பூ,
ஒன்றுக்கு மற்றது சோடி இல்லை.
அங்கே தொங்கும் குதிரைவீரன் விளக்கை
எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கமே நிற்கும்.
என் வீட்டுக்காரரும் அதே சாதி.
பதினோரு வருடமாய் பஹ்ரைன் பக்கம்.

தரை கறுப்புக் கண்ணாடி.
சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளை என்று
கைடு தாணுலிங்கம் விரல் மடக்குவார்.
அத்தனை முட்டையின் மஞ்சள்கருவை
யார் தின்றார்கள் என்று கேட்டால் மட்டும்
அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

உப்பரிகை நாலு நிலை.
கீழே பொக்கிஷம்.
மேலே ராஜாவின் கட்டில்:
அறுபத்துநாலு மூலிகை மரமாம்,
வாதத்துக்கு ஒன்று, பித்தத்துக்கு ஒன்று.
பிரிவுக்கு எந்த மரம் என்று ஒருநாள் கேட்டேன்.
தாணுலிங்கம் சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன்.
உச்சியில், சுவரெல்லாம் சித்திரமாய்,
விளக்கு எரிகிற அறை பெருமாளுக்கு.

எல்லாரும் கேட்பது ஒன்றே:
'ராணியோட ரூம் எது?'
அவர் தொண்டையைச் செருமிக்கொள்வார்.
இங்கே ராணி என்றால் ராஜாவின் உடன்பிறந்தாள்.
முடி மருமகனுக்கு.
கட்டியவள் வெறும் அம்மச்சி;
பட்டு உண்டு, வீடு உண்டு,
பட்டம் கிடையாது.
கொட்டாரத்திலேயே மூத்த கட்டடம்
தாய்க் கொட்டாரம். வாசலில் குனிய வேண்டும்,
எவனாயிருந்தாலும்.

நாலரைக்கு அவன் மட்டும் வந்தான்.
டோக்கனை மேசையில் போட்டான், ஷூவை உருவினான்.
மேலே இருந்த செருப்பு கவிழ்ந்தது,
நிமிர்த்தவில்லை.
'அவ பொறவு வருவா.'
வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம்,
கிளம்புகிற சத்தம்.

ஐந்துக்கு மணிமேடை அடித்து ஓய்ந்தபின்
அவள் வந்தாள்.
கண் கலங்கவில்லை, பாதத்தில் மட்டும்
கறுந்தரையின் குளிர் ஒட்டியிருந்ததோ என்னவோ,
ஒரு காலை மறுகாலில் தேய்த்துக்கொண்டாள்.
டோக்கன் இல்லாமல் செருப்பு தரக் கூடாது.
நானே எழுதி ஒட்டிய விதி,
இரண்டு பாஷையில்.
குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

'அம்மச்சிக்கு இங்க ரூம் இல்லையாமே அக்கா?'
'இல்ல மக்கா. தனி வீடு.'
'அப்போ பார்க்கணும்னா?'
நான் யோசித்ததே இல்லை.
'ராஜாதான் போகணும்' என்றேன்.
வார் மாட்டிக்கொண்டிருந்தவள்
அப்படியே நிமிர்ந்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.
சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன்.
'எங்க அம்மா வீடு குலசேகரம்.
பஸ் எத்தன மணிக்கு?'

ஐந்தே காலுக்கு ஒன்று, தக்கலையிலிருந்து.
ஓடினால் பிடிக்கலாம்.
ஓடவில்லை அவள்.
கோட்டைச் சுவர் ஓரமாய்,
வேளிமலையின் நிழல் இறங்குகிற வழியில்
கடைசிவரை தெரிந்தாள்.

இந்த மணி மூன்று கிலோமீட்டர் கேட்குமாம்.
என் அம்மா வீட்டு அடுக்களைக்குக் கேட்கும்.
இன்று ராத்திரி அவர் வீடியோவில் வருவார்,
சாப்பிட்டாயா என்பார்,
நான் போனைத் தேங்காய்மேல் சாய்த்துவைத்து
மீன் அரிவேன்.

நாற்பத்தொன்றைத் துடைத்து ஆணியில் மாட்டினேன்.
நாளைக்குத் திங்கள்.